பலகையில் அக்காவின் பெயர்

தர்கான், மங்கோலியா
2016 நவம்பர் 21

என்னங்க,

குளிர்காலம் நல்லபடியாகக் கழிகிறதா? மந்தை கொழுத்திருக்கிறதா?

எங்கள் பக்கம் கடிதம் இப்படித்தான் தொடங்கவேண்டும். உங்களிடம் இருப்பதோ உரித்த கோழி. அது கொழுத்தால் என்ன, இளைத்தால் என்ன. முறைக்குக் கேட்டுவிட்டேன். இனி என் கோபத்தைச் சொல்லலாம்.

மூன்று நாளாகப் போன் செய்கிறீர்கள், நான் எடுக்கவில்லை. இனியும் எடுக்கமாட்டேன். போனில் "எல்லாம் சரியாயிடும் துயா" என்று சிரிப்பீர்கள். நானும் சிரித்துத் தொலைத்துவிட்டு வைத்துவிடுவேன். வைத்த பிறகுதான் கேட்கவேண்டியதெல்லாம் ஞாபகம் வரும். காகிதத்தில் உங்களால் சிரிக்க முடியாது. ஆகையால் எழுதுங்கள்.

கொரியா வர எனக்கு விசா இல்லை என்று சொல்லிவிட்டார்கள். விடிவதற்கு முன்பே பஸ் ஏறி உலான்பாத்தர் போய், உங்கள் தூதரக வரிசையில் நின்று, என் முறை வந்தபோது எனக்குக் கால் விறைத்துப்போயிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண். உங்கள் நாட்டுப் பெண்தான், மரியாதையாகத்தான் பேசினாள்.

"உங்க வீட்டுக்காரரு என்ன தொழில் பண்றாரு?"

"லாரியில கோழி சுட்டு விக்கிறாரு."

"வருமானச் சான்றுல போன வருஷம் ஒண்ணுமே இல்லன்னு இருக்கே."

நான் சொன்னேன், அஞ்சு வருஷம் வோன்ஜுவில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன், வியாழக்கிழமை தோறும் எங்கள் விடுதி வாசலுக்கு அவர் லாரி வரும், கோழி சுற்றுகிற கம்பி காலியாகும்வரை விற்பார், என் கண்ணால் பார்த்திருக்கிறேன் என்று. அவள் நம் கோப்பிலிருந்து ஒரு படத்தை எடுத்தாள். கல்யாணம் நிஜம் என்று காட்ட நாம் வைத்தோமே, லாரி முன்னால் தோளோடு தோள் நிற்கிற படம். அதில் நம் தலைக்கு மேலே பலகை.

"பணம் அனுப்ப வேண்டிய பேரு மா போக்சுன் அப்படின்னு எழுதியிருக்கே. யாரு அது?"

"அவரோட அக்கா."

"அப்ப கடை அக்காவோடது. இவரு அங்க என்ன பண்றாரு?"

அந்தப் பலகையை எழுதியவளே நான்தான். உங்கள் மொழியில் நான் எழுதிய எழுத்து அழகாக இருக்கிறதென்று நீங்கள் தெருவெல்லாம் சொல்லிக் காட்டினீர்கள். நீல பெயிண்டில், ஏணியில் ஏறி, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினேன். என் புருஷனுக்கு வருமானம் இல்லை என்று என் கையாலேயே எழுதி, அதற்குக் கீழே நின்று பல்லைக் காட்டியிருக்கிறேன்.

அம்மா சொல்கிறாள்: "வருமானம் இல்லாதவன்னு அவன் அரசாங்கமே சொல்லுது. நீ இன்னும் கோழிக்காரன் கோழிக்காரன்னு உருகுற. முதல்ல கோழி ஒரு கறியாடி? ஆட்டுக்கறி விக்கிறவனா இருந்தா இந்த நிலைமை வருமா?"

ஆறு மாதத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாதாம். என்ன செய்யப் போகிறீர்கள்?

துயா


வோன்ஜு, கொரியா
2016 டிசம்பர் 6

துயா,

இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. பனி விழுந்தால் கோழி நன்றாகப் போகும். குழந்தைகள் லாரியின் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு கோழி சுற்றுவதைப் பார்க்கிறார்கள். நான் மட்டும் அந்தக் கோழிகளைப் போலச் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

வரி ஆபீசுக்குப் போனேன். முதல் மேஜையில் இருந்த அம்மாள் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். "அட, கோழிக்காரரே! நீங்க எங்க இங்க?" செவ்வாய்க்கிழமை லாரி நிற்கிற குடியிருப்பில்தான் அவள் வீடு. வாரம் தவறாமல் இரண்டு கோழி, உப்பு தனியாக. எனக்கு உயிர் வந்தது. என் அடையாள எண்ணைச் சொன்னேன். கம்ப்யூட்டரைத் தட்டினாள். முகம் மாறிவிட்டது.

"நீங்க வேலையில்லாதவருன்னு வருதுங்களே."

"போன செவ்வாய்க்கிழமை என்கிட்டதானே வாங்கினீங்க?"

"வாங்கினேன். நல்லாவும் இருந்துச்சு. ஆனா அது போக்சுன் அம்மாவோட கோழி."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை, பாவம். அவளுக்கு உண்மையிலேயே வருத்தம். எழுந்து போய் எனக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள்.

என் கதை உனக்குத் தெரியும். உன்னைப் பார்ப்பதற்கு முன்பு கோழிக்கடை வைத்து, ஊரில் எல்லாரும் கோழிக்கடை வைத்திருக்கிறார்கள் என்று தெரியாமல் போண்டியானேன். கடன் கொடுத்தவர்கள் என் பேரில் ஒரு சைக்கிள் இருந்தாலும் தூக்கிப் போவார்கள். அதனால் லாரி அக்கா பேரில், லைசென்ஸ் அக்கா பேரில், பேங்க் கணக்கும் அக்கா பேரில். இங்கே வீட்டுக்கு வீடு இப்படி ஒரு பேர் இரவல் இருக்கும். கொடுக்கிறவர் அம்மாவாக இருப்பார், மச்சானாக இருப்பார். யாரும் அதைத் தப்பாக நினைப்பதில்லை. பெண்டாட்டிக்கு விசா வாங்கும்போது இது குறுக்கே வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நேற்று அக்கா வீட்டுக்குப் போனேன். போன வருஷம் விற்றதெல்லாம் என் கோழிதான் என்று எழுதிக் கொடுக்கிறாயா என்று கேட்டேன். எழுதினால் பேரை இரவல் கொடுத்ததற்கு அவளுக்கும் தண்டம், வாங்கியதற்கு எனக்கும் தண்டம். அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"பேரையும் குடுத்துட்டு தண்டமும் நான் கட்டணுமா? உன் பொண்டாட்டி வரணும்னு எனக்கு மட்டும் ஆசை இல்லையாடா? ஆனா என்னைத் திருடின்னு எழுதிக் குடுக்கச் சொல்றியே."

அவள் சொல்வதும் நியாயம்தான். ஐந்து வருஷம் ஒரு வார்த்தை சொல்லாமல் என்னைச் சுமந்தவள்.

ஆகவே இப்படி முடிவு. ஜனவரியிலிருந்து எல்லாம் என் பேரில். அடுத்த வருஷம் முழுக்க என் பேரில் விற்று, அதற்கடுத்த வருஷம் மே மாதம் கணக்குக் காட்டினால், ஜூலையில் சான்று வரும். பழைய கடன் பேங்க் பதிவில் இப்போது இல்லை, காலாவதியாகி அழிந்துவிட்டது. கேட்டுப் பார்த்துவிட்டேன். அக்காதான் பயப்படுகிறாள். "பதிவு அழிஞ்சா கடன் அழிஞ்சிடுமா? அந்தக் கடனை வேற எவனாவது வாங்கி வச்சிருப்பான். உன் பேரு வெளிய தெரிஞ்சா மோப்பம் புடிச்சு வருவானுங்கடா" என்கிறாள்.

2018 ஜூலை. எழுதிவிட்டுப் பார்க்கிறேன். நீ சொன்னது சரி துயா, காகிதத்தில் சிரிக்க முடியவில்லை.

இன்ஹோ


தர்கான்
2017 ஜனவரி 15

இன்ஹோ,

உன் கடிதத்தைத் தபாலாபீஸ் பெட்டியில் இருந்து எடுத்து, அங்கேயே நின்று படித்தேன். படித்ததும் உன்னை நாலு வார்த்தை கேட்கத் தோன்றியது. கேட்டும் விட்டேன், சத்தமாக. பக்கத்தில் நின்ற கிழவர் நகர்ந்து நின்றுகொண்டார்.

2018 ஜூலை! ஏதோ அடுத்த வியாழக்கிழமை என்பதுபோல எழுதியிருக்கிறாய். எனக்கு இப்போது முப்பத்தாறு வயசு. நீ எனக்குப் புருஷனாகி ஒன்பது மாதம். அதில் பதினோரு நாள் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம், அதுவும் எங்கள் அம்மா வீட்டில், அம்மாவின் இருமலுக்கு இந்தப் பக்கம். நீ தொழில் இல்லாதவன் என்றால் நான் யார்? கல்யாணமாகாதவளா, ஆனவளா? பேக்கரியில் என்னை "கொரியாக்காரன் விட்டுட்டுப் போனவ" என்கிறார்கள். ஆமாம், பேக்கரியில் சேர்ந்துவிட்டேன். மாவு பிசைகிறேன். சும்மா உட்கார்ந்தால் அம்மா பேச்சைக் கேட்கவேண்டும்.

இங்கே நிறுத்திவிட்டு இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். மேலே "நீ" என்று எழுதியதை அழிக்கவில்லை. அப்போது அப்படித்தான் வந்தது.

சரி, காத்திருக்கிறேன். வேறு என்ன செய்ய? ஒரு தடவை மறுக்கப்பட்டவளுக்குச் சுற்றுலா விசாவும் தரமாட்டார்களாம். நீங்களும் கோடையில் வரவேண்டாம். வந்தால் அந்த வாரத்துக் கோழி விற்காது. விற்காத கோழி சான்றில் ஏறாது. நீங்கள் என்னைப் பார்க்க வந்தால் நான் உங்களிடம் வருவது தள்ளிப்போகும். இந்தக் கணக்கை எவன் கண்டுபிடித்தான் என்று தெரியவில்லை.

அக்காவைக் கோபிக்காதீர்கள். அவர் எனக்குக் குளிர்காலச் சட்டை தைத்து அனுப்பியவர்.

முதலில் அந்தப் பலகையை மாற்றுங்கள். அக்கா பெயரை அழித்து உங்கள் பெயரை எழுதுங்கள். படம் எடுத்து அனுப்புங்கள்.

துயா


வோன்ஜு
2017 ஏப்ரல் 9

துயா,

செர்ரி பூத்து, ஒரே மழையில் எல்லாம் கொட்டிவிட்டது. இத்தோடு படம் வைத்திருக்கிறேன். எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. குடும்பப் பெயர் 'மா' ஒரு பக்கம் சாய்கிறது, 'இன்ஹோ' இன்னொரு பக்கம். உன் நீல பெயிண்டில் மிச்சம் இருந்ததைத்தான் பூசினேன்.

பெயரை மாற்றியதும் பெரிய கூத்து. லாரி கைமாறிவிட்டது என்று பாதி வாடிக்கையாளர்கள் பயந்துபோனார்கள். திங்கட்கிழமைக் குடியிருப்பில் ஒரு பாட்டையா கேட்கிறார்: "போக்சுன் அம்மா எங்க? அவங்க வீட்டுக்காரருதானே நீங்க? அவங்களை விட்டுட்டு வேற பேரு போட்டுக்கிட்டீங்களா?" இத்தனை வருஷம் அந்த ஊரே என்னை என் அக்கா புருஷன் என்று நினைத்திருக்கிறது. அக்காவிடம் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தாள். பாதிப் பேர் இன்னும் பழக்கத்தில் அவள் கணக்குக்கே பணம் அனுப்புகிறார்கள். அவள் அதை எனக்கு அனுப்பினால் அது விற்பனை ஆகாது, அக்கா கொடுத்த பணமாம். அந்தக் கோழியெல்லாம் நம் கணக்கில் சேரவில்லை. பறந்துபோன கோழி என்று வைத்துக்கொள்.

ஆடிட்டர் ஒருவரைப் பிடித்திருக்கிறேன். நூடுல்ஸ் கடை மாடியில் ஆபீஸ். அவர் சொல்லித்தான் தெரிந்தது: விற்றது எவ்வளவு என்பது கணக்கில்லை, செலவு போக நின்றது எவ்வளவு என்பதுதான் கணக்கு. கோழி வாங்கின செலவு, காஸ், லாரிக்கு டீசல், இடத்துக்காகக் குடியிருப்புப் பெண்கள் சங்கத்துக்குக் கொடுப்பது எல்லாம் கழித்தால், விசாக்காரர்கள் கேட்கிற அளவு தேறாது. நான் யோசித்தேன். யோசித்துவிட்டுச் சொன்னேன், "அப்ப செலவை எழுதாதீங்க."

மனிதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "முப்பது வருஷமா இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். எல்லாரும் வருமானத்தை மறைக்கச் சொல்லுவாங்க. செலவை மறைக்கச் சொன்ன மொத ஆளு நீங்கதான். வரி ஏறுமே?"

"ஏறட்டும்."

"மருத்துவ இன்சூரன்ஸும் அதோட ஏறும்."

"பொண்டாட்டி வருவாங்க."

அவர் கீழே கடையிலிருந்து எனக்கும் ஒரு கிண்ணம் நூடுல்ஸ் வரவழைத்தார். இப்போது கோழி வாங்கினால் ரசீதை வாங்கி, அங்கேயே கிழித்துப் போட்டுவிடுகிறேன். கோழி மண்டிக்காரன் எனக்குப் பைத்தியம் என்று நினைக்கிறான்.

கோடையில் வரவேண்டாம் என்கிறாய். வரவில்லை.

இன்ஹோ


தர்கான்
2017 நவம்பர் 30

என்னங்க,

குளிர்காலம் சுகமா? மந்தை? சரி, விடுங்கள்.

நீங்கள் ஆகஸ்டிலும் அக்டோபரிலும் எழுதிய கடிதங்கள் வந்தன. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். எழுத ஒன்றும் இல்லை. மாவு பிசைகிறேன், நிலக்கரி போடுகிறேன், அம்மா திட்டுகிறாள், தூங்குகிறேன். ஒருத்தி காத்திருப்பதை எத்தனை விதமாக எழுதுவது?

போன மாதம் உலான்பாத்தர் போனேன், சும்மா விசாரித்து வர. வரிசையில் எனக்கு முன்னால் ஒரு சின்னப் பெண், வயிறு தெரிகிறது. அவள் புருஷனும் உங்கள் ஊர்ப் பக்கம்தான், காய்கறி விற்கிறவனாம். வருமானம் காட்ட முடிந்ததா என்று கேட்டேன்.

"எதுக்குக்கா காட்டணும்? குழந்தை பொறந்தா வருமானம் கேக்கமாட்டாங்களாமே" என்றாள்.

"நிஜமாவா?"

"அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க. நீங்களும் ஒண்ணு பெத்துக்கங்க, சட்டுன்னு வேலை முடியும்."

பெற்றுக்கொள்ளலாம்தான். அதற்கு நான் உங்கள் பக்கத்தில் இருக்கவேண்டும். பக்கத்தில் இருக்க விசா வேண்டும். விசாவுக்கு வருமானம் வேண்டும். வருமானம் வேண்டும் என்றுதான் உங்களைக் கோடையில் வரவேண்டாம் என்று நானே எழுதினேன். அந்தப் பதினோரு நாளைப் போல ஒரு பதினோரு நாள் கிடைத்திருந்தால் ஒருவேளை. என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும். பஸ்ஸில் தர்கான் வரும்வரை அழுதேன். ஓட்டுநர் வானொலியைச் சத்தமாக வைத்தார், நல்ல மனுஷன்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் முதல் தடவையாக உங்களைத் திட்டவில்லை. உப்புப் போட்ட பால் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "அவன் கோழி நல்லா விக்கட்டும்" என்றாள். அம்மா வாயில் கோழி நல்ல வார்த்தையாக வந்தது அன்றுதான்.

விற்றுவிடுங்கள். எல்லாக் கோழியையும் விற்றுவிடுங்கள்.

துயா


வோன்ஜு
2018 ஜூன் 3

துயா,

கணக்குக் காட்டியாயிற்று. ஆடிட்டர் தன் கையால் முத்திரை போட்டுவிட்டு, "உங்களை மாதிரி ஒரு பணக்காரர் இந்த மாடிக்கு வந்ததே இல்ல" என்றார். காகிதத்தில் நான் கோழியை ஆகாயத்திலிருந்து பறித்து, காஸ் இல்லாமல் சுட்டு, முழுக் காசையும் பையில் போட்டுக்கொண்ட ஆள். விசாக்காரர்கள் கேட்பதைவிடக் கூடுதலாகவே தேறுகிறது.

வரி வந்தது, கட்டினேன். இன்சூரன்ஸ் வந்தது, பாதி கட்டினேன். ஜூலை முதல் வாரம் சான்று கிடைக்கும். வந்த அன்றே அனுப்பிவிடுகிறேன்.

வேறொன்றும் விசேஷம் இல்லை. இங்கே நடவு முடிந்து தவளைகள் கத்துகின்றன. அக்கா கேட்டதாகச் சொன்னாள். உன் அம்மா இருமலுக்குப் பேரிக்காயும் இஞ்சியும் தேனும் போட்டுக் காய்ச்சிய பாகு அனுப்பியிருக்கிறாள், வெந்நீரில் கலக்கிக் கொடு.

இன்ஹோ


தர்கான்
2018 ஜூன் 20

என்னங்க,

பாகு வந்தது. அம்மா ருசி பார்த்துவிட்டு மருந்து என்று ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் பாட்டிலை ஒளித்து வைத்துக்கொண்டாள்.

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். எத்தனை கோழி விற்றது, எந்தக் குழந்தை கண்ணாடியில் மூக்கை ஒட்டியது, பெண்கள் சங்கத்து அம்மாள் என்ன சண்டை போட்டாள், ஒன்றும் இல்லை. தவளை கத்துகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா? என்ன நடந்தது?

துயா


வோன்ஜு
2018 ஜூலை 5

துயா,

இத்தோடு சான்று இருக்கிறது. முதலில் அதைப் பத்திரமாக எடுத்து வை. கசக்கிவிடாதே. எடுத்து வைத்தாயா? இனி மீதியைப் படி.

அக்கா சொன்னதுதான் நடந்தது. பழைய கடனை ஏதோ ஒரு வசூல் கம்பெனி வாங்கி வைத்திருந்தது. என் பேரில் தொழில், என் பேரில் வங்கிக் கணக்கு, என் பேரில் வரி. நான் உனக்காக ஒவ்வொரு ஆபீசிலும் போய் "நான் சம்பாதிக்கிறேன், நான் சம்பாதிக்கிறேன்" என்று கத்தினேன். அவர்கள் காதிலும் விழுந்துவிட்டது. மே மாதக் கடைசியில் வங்கிக் கணக்கை முடக்கினார்கள். ஜூன் பாதியில் லாரியை ஜப்தி செய்தார்கள். நான் வியாழக்கிழமைக்குக் கோழியை மசாலாவில் ஊறப்போட்டிருந்தேன். வந்த பையன்கள் நல்ல பையன்கள்தான். "கோழியை எடுத்துக்கங்க சார், லாரி மட்டும்தான்" என்றார்கள். கோழியை வாளியில் எடுத்துக்கொண்டு நடந்தே வந்தேன். பலகையையும் கழற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

அக்கா வாளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன்ல என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் திட்டியிருந்தால் தேவலை. அந்த ஊறிய கோழியைச் சட்டியில் போட்டு வேகவைத்து என் முன்னால் வைத்தாள்.

இன்று காலையில் சான்று வாங்க வரி ஆபீசுக்குப் போனேன். அதே அம்மாள். அச்சடித்து, இரண்டு கையாலும் நீட்டினாள். "வந்துருச்சு பாருங்க! நல்லா சம்பாதிச்சிருக்கீங்க. இனிமே உங்களை வேலையில்லாதவருன்னு யாரும் சொல்ல முடியாது." பிறகு, "ஆமா, மூணு செவ்வாயா ஏன் வரல? பசங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்றாள்.

"லாரி போயிருச்சுங்க. ஜப்தி."

அவள் என்னைப் பார்த்தாள். தன் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். அதை என்னிடம் கொடுப்பதா வேண்டாமா என்று அவளுக்கே தெரியவில்லை. கடைசியில் மெல்லச் சொன்னாள், "இது போன வருஷத்துக் கணக்குதானே. செல்லும்."

செல்லும் துயா. கோழி விற்றுக்கொண்டிருந்தபோது காகிதம் இல்லை. இப்போது காகிதம் இருக்கிறது, கோழி இல்லை. விடியற்காலையில் கூலியாள் பிடிக்கிற ஆபீஸ் வாசலில் நிற்கிறேன். பெயரைக் கூப்பிட்டால் கட்டட வேலை. கூப்பிடாவிட்டால் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். அக்கா மலிவாக ஒரு தள்ளுவண்டி பார்த்து வைத்திருக்கிறாள், பான்கேக் சுட்டு விற்கலாம் என்று. யார் பேரில் வாங்குவது என்பதுதான் கேள்வி. என் பேரில் வாங்கினால் அதையும் தூக்கிப் போவார்கள். "என் பேரை இன்னொரு தடவை கேக்காதடா, எனக்குத் தெம்பு இல்ல" என்றாள். நான் கேட்கவில்லை.

சான்று பொய் இல்லை. போன வருஷம் நான் உழைத்தேன், அது உண்மை. ஆனால் உன்னை வைத்துக் காப்பாற்ற இப்போது என்னிடம் எதுவும் இல்லை. இதைத் தெரிந்துகொண்டு நீ வராமல் இருந்தால் உன்னைக் குறை சொல்லமாட்டேன். எல்லாம் சரியாகிவிடும் என்று எழுத நினைத்தேன். கை வரவில்லை.

இன்ஹோ


தர்கான்
2018 ஆகஸ்ட் 27

என்னங்க,

கோடை முடிந்துவிட்டது, காலையில் புல்லில் உறைபனி. மந்தை கொழுத்திருக்கிறதா என்று இந்தத் தடவை கேட்கவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று உங்களை ஏகத்துக்கும் திட்டினேன். ஜூன் மாதமே சொல்லியிருக்கவேண்டாமா? தவளை கத்துகிறதாம் தவளை! வாளியோடு நடந்து வந்தீர்கள் என்று படித்ததும் திட்ட முடியவில்லை. அதற்குப் பிறகு அழுதேன். அம்மா கேட்டாள், சொன்னேன். "லாரி போனா போகுது. ஆளு இருக்கான்ல?" என்றாள். அம்மா உங்களை ஆள் என்று சொன்னது இதுதான் முதல் தடவை. தேதி போட்டு வைத்திருக்கிறேன்.

போன வாரம் உலான்பாத்தர் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் அதே பெண். சான்றைப் பார்த்தாள், ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்தாள்.

"இப்ப அவரு பேருலயே இருக்கு. இதைத்தான் முதல்லயே செஞ்சிருக்கணும். நல்ல வருமானம்."

"ஆமா."

"இன்னும் அதே தொழில்தானே? லாரி ஓடுதா?"

உங்கள் கடிதம் என் கைப்பையில் இருந்தது. பையின் வாய் திறந்திருந்தது, உறையின் ஓரம்கூடத் தெரிந்தது. நான் பையை இடுப்போடு அழுத்திக்கொண்டு சொன்னேன், "ஓடுதுங்க. வியாழக்கிழமை பெட்டித் தொழிற்சாலை விடுதி வாசலுக்கு வருவாரு. கம்பி காலியாகும்வரை விப்பாரு."

அவள் முத்திரை குத்தினாள். "போய் சந்தோஷமா இருங்க" என்றாள். நல்லவள்தான், மனதாரச் சொன்னாள். இதே வார்த்தைகளை முதல் தடவையும் இதே இடத்தில் நின்று சொன்னேன். அப்போது அது உண்மை, அவள் நம்பவில்லை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். சந்தோஷம் வரும் வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

செப்டம்பர் 12, புதன்கிழமை வருகிறேன். விமான நிலையத்துக்குப் பஸ்ஸில் வாருங்கள். பஸ் காசு இல்லாவிட்டால் வரவேண்டாம், எனக்கு வழி தெரியும். பேக்கரியில் சேர்த்த பணம் கொஞ்சம் கொண்டுவருகிறேன். அம்மா உங்களுக்கு உலர்ந்த ஆட்டுக்கறி கட்டிக் கொடுக்கிறாள். சுங்கத்தில் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள் என்று சொன்னேன், அவள் கேட்கவில்லை.

அந்தத் தள்ளுவண்டியை அக்காவிடம் சொல்லி நிறுத்தி வையுங்கள். நான் வந்ததும் என் பேரில் வாங்கிக்கொள்ளலாம். என் பேரில் யாருக்கும் கடன் இல்லை, என் பேரை அங்கே யாருக்கும் தெரியவும் தெரியாது. நீல பெயிண்ட் காய்ந்திருந்தால் புது டப்பா ஒன்று வாங்குங்கள். பலகையை நானே எழுதுகிறேன், உங்கள் எழுத்து கண்கொண்டு பார்க்க முடியவில்லை. பணம் அனுப்ப வேண்டிய இடத்தில் என் முழுப் பெயர்: எங்க்துயா. ஊர் உங்களை இனிமேல் என் புருஷன் என்று நினைக்கட்டும், அதுவாவது சரியாக இருக்கும்.

பாஸ்போர்ட்டை இப்போதுதான் மறுபடி எடுத்துப் பார்த்தேன். விசா ஒரு வருஷத்துக்குத்தான். அது முடிந்ததும் நீட்டிக்கக் கேட்கவேண்டுமாம். அப்போதும் அதே கேள்விதான் கேட்பார்களாம், உன் வீட்டுக்காரர் என்ன சம்பாதிக்கிறார் என்று.

என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்களும் யோசித்து வையுங்கள்.

துயா